எண்பத்து நாலாவது தட்டு

பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் பாக்கு காயப்போட்டிருந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் மழை வந்து அத்தனையையும் நனைத்துவிட்டது. நனைந்த பாக்கு இரண்டு நாளில் என்ன நாற்றம் அடிக்கும் என்று உனக்குத் தெரியும். புளித்த கஞ்சியையும் ஈரச் சாக்கையும் ஒன்றாய்ப் பூட்டிவைத்த மாதிரி. போர்ட் பிளேர் பத்துபஸ்தியில் எங்கள் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறது. நான் மட்டும் ஜன்னலைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறேன். "அத்தே, உங்களுக்கு ஜலதோஷமா?" என்று மருமகள் கேட்டுவிட்டுப் போனாள். ஜலதோஷமெல்லாம் ஒன்றுமில்லை. நான் சிப்பிகாட்டில் இருக்கிறேன், உன்னோடு.

நீ போய் ஒன்றரை மாதம் ஆகிறது. பத்திரிகையில் உன்னைப் பற்றி எழுதியிருந்ததை உன் தங்கை மகள் அனுப்பினாள். 'இரு இசை மரபுகளை இணைத்தவர்' என்று போட்டிருக்கிறார்கள். இரண்டாம்! எண்ணத் தெரியாதவர்கள். பக்கத்தில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுவைத்திருக்கிறேன். பழைய பழக்கம்.

நாம் சந்தித்த விதத்தை யாரிடமும் கௌரவமாகச் சொல்ல முடியாது. மதராஸிலிருந்து கப்பல் கிளம்பிய இரண்டாம் நாள், அடித்தட்டில், மலிவான பங்க் வகுப்பில் நான் ஒரு வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். மதுரையை விட்டு முதன்முதலாக வெளியே வந்தவள். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை என்று கடிதம் வந்ததும் சந்தோஷமாக ஏறியவள், ஏறிய நேரத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். எதிர்ப் படுக்கையில் வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டு நீ. கடல் உன்னை ஒன்றுமே செய்யவில்லை. அதுவே எனக்குப் பாதி எரிச்சல்.

"ஏட்டி, நீ கணக்கு டீச்சர்னுலா சொன்ன? இந்த எஞ்சின் எத்தனை தட்டுக்கு ஒருக்க மூச்சு விடுதுன்னு எண்ணிச் சொல்லு. நான் எழுதிக்கிடுதேன்."

உன்னை அந்த வாளியாலேயே அடிக்கத் தோன்றியது. ஆனாலும் எண்ணினேன். எண் என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியாது. "ஏழு" என்றேன்.

"பாத்தியா? எண்ணுற வரைக்கும் வாந்தி வரல்லலா" என்று சிரித்தாய். உண்மைதான், வரவில்லை. போர்ட் பிளேர் வரும்வரை எண்ணிக்கொண்டே வந்தேன்.

ஒரே பள்ளிக்கூடம், ஒரே குவார்ட்டர்ஸ், ஒரே ஸ்டவ். உன்னைப் பாட்டு டீச்சர் என்றும் என்னைக் கணக்கு டீச்சர் என்றும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, நம் பெயர்கள் நமக்கே மறந்துபோயின. நீ நாகர்கோவிலில் வேதக்கோயில் ஆர்கன் வாசித்து வளர்ந்தவள். அதே தெருவில் ஒரு பாகவதரிடம் வயலினும் படித்தவள். உன் தாளில் மேலே ஐந்து கோடு போட்டு வெள்ளைக்காரர் முறையில் புள்ளிகள் இருக்கும். கீழே ஸ ரி க ம இருக்கும். "இது ரெண்டும் சண்டை போடாதாடி?" என்று ஒரு நாள் கேட்டேன். "எங்க வீட்டுல அப்பனும் அம்மையும் போடாத சண்டையா? ஒரே வீட்டுலதான இருந்தாவ" என்றாய்.

சம்பளத்துக்கு நீ செய்த வேலை காலைப் பிரார்த்தனை பாடவைப்பது. உன் உண்மையான வேலை ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. எங்கே யார் பாடினாலும் போய் உட்கார்ந்துவிடுவாய். கூடவே என்னையும் இழுத்துக்கொண்டு போவாய். குடியேறி வந்த வங்காளி அம்மாக்கள் நாற்று நடும்போது இழுத்துப் பாடுவார்களே, தாளமே இல்லாமல், ஆறு போகிற மாதிரி, அதற்காக முழங்கால் சேற்றில் நின்றோம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த எஸ்தர் கார் நிகோபாரைச் சேர்ந்தவள். அவளும் அவள் ஊர்ப் பெண்களும் ஞானப்பாட்டை நான்கு குரலாகப் பிரித்துப் பாடும்போது நீ கண்ணை மூடிக்கொள்வாய். அபர்டீன் பஜாரில் நம்மவர்கள் சிந்து பாடிக் கும்மியடித்தால் அங்கேயும் நின்றுவிடுவாய். ராஞ்சிப் பக்கத்திலிருந்து காட்டு வேலைக்கு வந்தவர்களின் குடியிருப்பில்தான் மங்கராவைக் கண்டுபிடித்தாய். பகலெல்லாம் மரம் இழுக்கிறவர். கழுத்தில் மத்தளம் தொங்கினால் வேறு ஆள். அந்த மத்தளத்துக்கு அவர்கள் பாஷையில் மாந்தர் என்று பெயர். "கேட்டியா, மாந்தராம்! நம்ம பாஷையில மனுஷங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாய்.

இவர்கள் எல்லாரையும் வைத்து ஒரே இசை எழுதப்போகிறேன் என்று நீ சொன்னபோது, நான் கதம்ப நிகழ்ச்சி என்று நினைத்துக்கொண்டேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு பாடுனா அது ஊர்வலம். எனக்கு எல்லாரும் ஒரே நேரத்துல பேசணும். ஆனா சந்தை ஆயிரப்பிடாது."

சந்தைதான் ஆனது. நம் பெண்களின் சிந்து ஏழு தட்டு. மங்கராவின் கை ஆறு. எஸ்தரின் பாட்டு நாலு. மூன்றையும் ஒன்றாகத் தொடங்கினால் மூன்றாவது சுற்றுக்குள் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். நீ தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாய். நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே சொன்னேன்: "மீச்சிறு பொது மடங்கு எண்பத்து நாலுடி. எண்பத்து நாலாவது தட்டுல மூணும் தானா ஒண்ணாச் சேரும். அதுவரைக்கும் அவங்கவங்க பாட்டுக்குப் போகட்டும், யாரும் யாருக்காகவும் நிக்க வேணாம்."

நீ எழுந்து வந்து என் இரண்டு கன்னத்தையும் பிடித்து ஆட்டினாய். மீச்சிறு பொது மடங்கைச் சொன்னதற்காக என் ஆயுளில் என்னைக் கொஞ்சியவள் நீ ஒருத்திதான்.

அப்படித்தான் நான் உன் இசைக்குள் வந்தேன். பாட வராதவள், சுருதி என்றால் என்னவென்றே தெரியாதவள், ஒரு வெள்ளைக் கைக்குட்டையோடு முன்னால் நின்று எண்ணினேன். எண்பத்து நாலில் கைக்குட்டையை இறக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. நம் சிந்துப் பாட்டைப் பாட வந்த தெலுங்கு, வங்காளப் பிள்ளைகளுக்கு ஏழு பிடிபடவில்லை. அதற்கும் வழி சொன்னேன். பக்கத்து ஊர்ப் பெயர்களே போதும்: 'சிப்பிகாட்' என்றால் மூன்று, 'பத்துபஸ்தி' என்றால் நாலு. "சிப்பிகாட் பத்துபஸ்தி, சிப்பிகாட் பத்துபஸ்தி" என்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிறோம் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் நினைத்துக்கொண்டாராம்.

மங்கராவுக்கு மட்டும் என் எண்ணிக்கை சிரிப்பாக இருந்தது. "தீதி, கின்தி சோடோ. சுனோ" என்பார். எண்ணுவதை விடு, கேள் என்று. நான் எண்ணுவதை விடவில்லை.

பிறகு அந்த விழா வந்தது. மெயின்லேண்டிலிருந்து பெரிய மனிதர் வருகிறார், கலை நிகழ்ச்சி வேண்டும் என்றார்கள். ஒத்திகை பார்க்க விழாக் கமிட்டியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். கடைசிவரை கேட்டார். "வெரி நைஸ், பஹுத் அச்சா" என்றார். பிறகு 'லேகின்' என்று ஓர் 'ஆனால்' போட்டார். எல்லாம் ஒரே நேரத்தில் ஒலித்தால் பெரியவருக்கு எது எந்த ஊர் என்று எப்படித் தெரியும்? தனித்தனியாக, ஆளுக்கு மூன்று நிமிஷம், அவரவர் உடையில். அப்புறம் அந்த மத்தளக்காரர்கள் வேண்டாம். கூலி ஆட்களைப் பெண்பிள்ளைகளோடு மேடையில் ஏற்றினால் நன்றாக இருக்காது.

மங்கரா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மாள் பேசியது இந்தி. அது அவருக்கு நன்றாகவே புரியும். அவர் மத்தளத்தின் வாரை அவிழ்த்துச் சுற்றத் தொடங்கினார்.

நீ அவர் கையைப் பிடித்து நிறுத்தினாய். "இவரு இல்லாம ஆறு இல்ல மேடம். ஆறு இல்லைன்னா எண்பத்து நாலு இல்ல. நாங்க வரல்ல" என்று தமிழிலேயே சொல்லிவிட்டாய். பிறகு என்னைப் பார்த்து, "இந்தியில சொல்லு" என்றாய். நான் சொல்லவில்லை. உன் முகத்தைப் பார்த்தே அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

அன்று வீட்டில் நமக்குள் நடந்ததை இப்போது மறைப்பானேன். "வேலை போயிரும்டி. மூணு நிமிஷந்தானே, பாடிட்டு வந்துருவோம். அவருக்கு நாம அப்புறமா ஏதாச்சும் செஞ்சுக்கலாம்" என்றேன். என் சம்பளத்தை நம்பி மதுரையில் மூன்று பேர் இருந்தார்கள், பயம். நீ சத்தம் போடவில்லை. "நீ எண்ணுறதுக்கு மட்டுந்தான் வந்தியா?" என்று ஒரு வார்த்தை. இரண்டு நாள் பேசவில்லை. சமையலை மட்டும் ஒன்றாகச் செய்தோம். உப்புப் போட்டாயா என்றுகூட நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் போட்டிருந்தோம்.

மூன்றாம் நாள் அபர்டீன் பஜாரில் காதர் பாய் கடைக்குப் போனேன். கீழக்கரைக்காரர். ஜவுளிக்கடை, சாமான் ஏற்ற ஒரு பழைய லாரி. நாகூர் ஹனீபா ரசிகர்களைப் போல உன் வயலினுக்கு அவர் ஒரு ரசிகர் என்று எழுத வந்தேன். பொய் எழுதினால் நீ திட்டுவாய், அவருக்கு எந்தப் பாட்டும் பிடிக்காது என்பதுதான் நிஜம். ஆனால் மனுஷர்.

"லாரி வேணும் பாய். ஞாயித்துக்கிழமை மத்தியானம். முப்பது பேரை சிப்பிகாட் கொண்டுபோகணும்."

"என்ன விசேஷம் டீச்சரம்மா, நிக்காஹா?"

விழாவை விட்டுவிட்டு நாமே சிப்பிகாட்டில் எல்லாருமாகப் பாடப்போகிற விஷயத்தைச் சொன்னேன். தராசைத் துடைப்பது போல முழக்கோலைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அந்த ராஞ்சி ஆளையா வேணாம்னாங்க? என் கடையோட உத்தரத்த இழுத்து ஏத்துனது அவருல்ல! பர்வா இல்ல, லாரி வரும். பாட்டுக் கேக்க மட்டும் என்னக் கூப்பிடாதீங்க."

ஹெட்மிஸ்ட்ரஸ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஸ்கூல் பெயர் மட்டும் வரக்கூடாது" என்றார். அதுவே ஆசீர்வாதம்தான். உன்னிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னபோது, நீ என் கைக்குட்டையை எடுத்து அலசிக் காயப்போட்டாய்.

சிப்பிகாட்டில் ஒருவருடைய பாக்குக் களம். தகரக் கொட்டகை. முந்தைய இரண்டு நாள் மழையில் பாக்கு நனைந்து, சொன்னேனே, அந்த நாற்றம். எஸ்தர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு வந்தாள், நர்ஸ் அல்லவா. சுற்று வட்டாரத்துக் குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. பாட்டுக்குக் கூப்பிடாதீர்கள் என்ற காதர் பாய் லாரியின் முன் சீட்டில் உட்கார்ந்து, கதவை மட்டும் திறந்துவைத்துக்கொண்டார்.

மூன்றும் ஒன்றாகத் தொடங்கின. நீ வயலினில் வங்காளி நாற்றுப்பாட்டை மேலே மிதக்க விட்டாய். நான் எண்ணினேன். இருபது. முப்பது. நாற்பது. ஐம்பதுக்கு மேல் எங்கேயோ, மங்கராவின் கையிலிருந்து ஒரு தட்டு விழுந்த இடத்தில் எஸ்தரின் குரல் எழும்பியது. அதற்கு அடியில் நம் பிள்ளைகளின் சிந்து ஓடியது. நெஞ்சுக்குள் யாரோ கதவைத் திறந்த மாதிரி. வெறும் ஏழும் ஆறும் நாலுமாக இருந்தது அந்த நிமிஷம் இசையாகக் கேட்டது. இருபத்தைந்து வயதில், முதல் தடவையாக நான் கேட்டேன். கேட்டேன், எண்ண மறந்தேன்.

கைக்குட்டை இறங்கவில்லை. எண்பத்து நாலு கடந்துபோனது. பிள்ளைகள் விழித்தார்கள். குரல்கள் தளர்ந்தன. முதலில் மங்கரா மத்தளத்திலிருந்து கையை எடுத்தார். பிறகு ஒவ்வொருவராக நின்றார்கள். தகரத்திலிருந்து மழைத் தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. நீ வில்லைத் தூக்கியபடி என்னைப் பார்த்தாய். கோபமில்லை. புருவத்தை மட்டும் உயர்த்தினாய். எனக்கு வேறு என்ன தெரியும்? கைக்குட்டையை இறக்கினேன்.

முப்பது பேரும் ஒரே தட்டில் விழுந்தார்கள். இடி மாதிரி. கொட்டகையில் ஓர் அம்மாள் "ஓ மா!" என்று கத்தினாள். கூட்டம் எழுந்துவிட்டது. காதர் பாய் லாரியிலிருந்து இறங்கி நின்றிருந்தார்.

"என்னட்டி ஆச்சு நடுவுல?" என்று முடிந்ததும் கேட்டாய். "கண்ணுல பூச்சி விழுந்துருச்சு" என்றேன். நீ நம்பவில்லை. என் முகம் முழுக்கக் கண்ணீராக இருந்தது. அத்தனை பெரிய பூச்சி தீவில் கிடையாது.

கப்பல் தாமதமானதால் ஊரில் தங்கிவிட்ட கல்கத்தா ரேடியோக்காரர் ஒருவர் அன்று கூட்டத்தில் இருந்தார் என்பது நமக்கு அப்புறம்தான் தெரிந்தது. "நடுவில் அந்த மௌனத்தை வைக்க எப்படித் தோன்றியது?" என்று அவர் கேட்டார். நீ கண்ணே சிமிட்டாமல், "எங்க கணக்கு டீச்சர் வச்சது" என்றாய். நான்கு மாதத்தில் கல்கத்தாவிலிருந்து அழைப்பு வந்தது. கப்பல் துறையில் நான் அழுதேன். நீ அழவில்லை, கப்பலைப் பார்த்ததும் உனக்கு ஆனந்தம். மங்கரா உனக்கு ஒரு சின்ன மாந்தர் செய்து கொடுத்தார்.

அப்புறம் உன் கடிதங்கள். கப்பல் வந்தால் கடிதம். கல்கத்தாவில் வாத்தியக் கோஷ்டிக்கு எழுதினாய்; மதராஸில் சபாக்காரர்கள் "இது கச்சேரியா?" என்றார்கள், கோயில்காரர்கள் "இது ஞானப்பாட்டா?" என்றார்கள். "ரெண்டு பேரும் ஒரே கேள்வியக் கேக்காவ, அதையாவது ஒத்துக்கிட்டாவளே" என்று எழுதினாய். பிறகு வெளிநாடு. பனி பெய்யும் ஊரில் உன் இசையை வாசிக்க ஒப்புக்கொண்டவர்கள், நீ பட்டுச்சேலையும் நகையுமாக மேடையில் நிற்க வேண்டும் என்றார்களாம். கமிட்டி அம்மாளுக்கு அங்கேயும் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். கம்பளிக் கோட்டோடுதான் நின்றாயாம். அவர்களுக்கும் ஏழு வரவில்லை. இருபது வயலின்காரர்கள், நரைத்த தாடியோடு, வில்லைக் கீழே வைத்துவிட்டு "சிப்பிகாட் பத்துபஸ்தி" என்று சொல்லிப் பழகிய கதையை ஸ்டாஃப் ரூமில் வாசித்துக் காட்டினேன். ஹெட்மிஸ்ட்ரஸ் சிரித்துச் சிரித்துத் தேநீரைக் கொட்டிவிட்டார்.

எழுபதுகளின் நடுவில், பள்ளி விடுமுறையில் மதராஸ் வந்தேன். உன் இசை, பெரிய மண்டபம், முன்வரிசையில் எனக்கு இடம். அதே இசைதான், இன்னும் விரிந்து வளர்ந்திருந்தது. நடுவில் எல்லாரும் நின்றார்கள். மௌனம். நீண்டுகொண்டே போனது. இருமல்கூட இல்லை. மேடையில் நின்ற நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அறுபது வாத்தியக்காரர்களும் பார்த்தார்கள். அப்போதுதான் விளங்கியது. நான் தலையசைத்தேன். இடி விழுந்தது.

பிறகு அந்தத் தாளைக் காட்டினாய். அந்த இடத்தில் கால அளவே இல்லை. 'கணக்கு டீச்சர் தலையசைக்கும்வரை' என்று மூன்று பாஷையில் எழுதியிருந்தாய். "நான் இல்லாத ஊர்ல என்னடி செய்வாங்க?" என்றேன். "ஒவ்வொரு ஊருலயும் பாடத் தெரியாத ஒருத்தியத் தேடி முன்வரிசையில உக்கார வைப்பேன். எல்லா ஊருலயும் இருக்காவ" என்றாய்.

கடைசியாகப் போன வருஷம் போனில் பேசினோம். புதிதாக எழுதிய ஒரு மெட்டை உடைந்த குரலில் முணுமுணுத்துக் காட்டினாய். "எப்படி இருக்கு?" என்றாய். எத்தனை வருஷமாக இந்தக் கேள்விக்கு "நல்லாருக்குடி" என்றே சொல்லிவந்திருக்கிறேன். அன்றைக்கு வாய் தானாகச் சொல்லிவிட்டது: "நடுவுல ஒரு எடம் பொய்யா இருக்குடி. அழ வைக்கணும்னே இழுக்குற."

நீ சிரித்தாய், இருமல் வரும்வரை. "ஏட்டி, கணக்கு டீச்சருக்குக் காது முளைச்சிட்டு!"

பத்திரிகை நறுக்கோடு உன் தங்கை மகள் அந்த மெட்டின் தாளையும் அனுப்பியிருக்கிறாள். நடுவில் ஓர் இடத்தை நீ பென்சிலால் அடித்திருக்கிறாய். ஓரத்தில் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஐந்து கோடு எனக்கு இன்றுவரை படிக்கத் தெரியாது. ஆனாலும் எந்த இடம் என்று தெரிகிறது. இன்று காலையிலிருந்து அதை வாய்க்குள்ளேயே பாடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அந்த இடம் இல்லாமல். என் குரலுக்குச் சுருதி சேரவில்லை, போகட்டும். நீ செய்தது சரிதான், இப்போது நன்றாயிருக்கிறது.